அணு உலைக்குக் கிடைக்கும் சலுகை எக்ஸ்ரே அறைக்குக் கிடைக்குமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய எக்ஸ்ரே நிலையம் நடத்துகிறோம். அனுமதிப்பத்திரம் இந்த மாத இறுதியில் முடிகிறது. இயந்திரத்தைச் சோதித்து அறிக்கை தர வேண்டியவர் கொழும்பிலிருந்து வரத் தாமதமாகிறது. அமெரிக்காவில் அணுமின் நிலையங்களுக்கே விதிமீறலைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்களாம். நாங்களும் அப்படிக் கேட்டு இரண்டு வாரம் ஓட்டலாமா?

பதில்: அவகாசம் கேளுங்கள். ஆனால் அந்த உதாரணத்தைக் காட்டிக் கேட்காதீர்கள், அது உங்களுக்கு எதிராகவே பேசும்.

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அப்படியொரு தற்றுணிபு, அதாவது நடவடிக்கை எடுப்பதா விடுவதா என்று தானே முடிவுசெய்யும் அதிகாரம், இருப்பது உண்மைதான். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் உலைக்கு மின்சாரம் தரும் அவசரகால டீசல் ஜெனரேட்டர் ஒன்று பழுதானால், பல நிலையங்களின் உரிம நிபந்தனைப்படி அதைத் திருத்த 72 மணி நேரம்தான். தவறினால் உலையை நிறுத்த வேண்டும். இன்னும் சில மணி நேரத்தில் வேலை முடியும் என்றால், நிறுத்துவதே கூடுதல் ஆபத்தாகலாம்: நிறுத்தினாலும் எரிபொருளின் வெப்பம் உடனே அடங்காது, குளிர்விக்க மின்சாரம் தேவை. அப்போது நிறுவனம் தொலைபேசியிலேயே கேட்கலாம், பின்னாலேயே எழுத்தில் தர வேண்டும். நீட்டிப்பால் ஆபத்து கூடாது என்று கணக்குக் காட்ட வேண்டும். மற்ற ஜெனரேட்டரில் அதுவரை யாரும் கைவைக்கமாட்டோம் என்பது போன்ற ஏற்பாடும் சொல்ல வேண்டும்.

கிடைத்தாலும் நிபந்தனை மாறாது. அந்தச் சில மணி நேரத்துக்கு நடவடிக்கை இல்லை, அவ்வளவுதான். பழுதுக்குக் காரணம் மோசமான பராமரிப்பு என்று பிறகு தெரிந்தால் அதற்குத் தனியாக நடவடிக்கை வரும். சலுகையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பாதியை ஏனோ சொல்வதில்லை.

சரி, உங்கள் இயந்திரம்? சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சு அந்தக் கணமே நின்றுவிடும். நிறுத்துவதால் யாருக்கும் ஆபத்தில்லை, வருமானம்தான் போகும். அந்த வாதம் அமெரிக்காவிலேயே எடுபடாது.

இங்கே உங்களைக் கட்டுப்படுத்துவது 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். அனுமதிப்பத்திரம் முடியுமுன்பே அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு எழுதுங்கள். சோதனைக்கு நாள் குறித்த கடிதத்தை இணையுங்கள், தாமதத்தின் காரணத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். தொலைபேசியில் யாராவது “பரவாயில்லை” என்றாலும் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் வராவிட்டால் கடைசி நாளோடு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதுவரை நோயாளிகளைத் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். உங்களிடம் நோயாளிகளை அனுப்பும் வைத்தியர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.