பிள்ளைகளுக்குக் கலிகிராபி பழக்க எந்த வயது சரி?

மகளுக்கு ஐந்து வயது, முன்பள்ளியில் எல்லோரும் அவள் எழுத்தை மெச்சுகிறார்கள், இப்போதே கலிகிராபி, அதாவது அழகெழுத்து வகுப்பில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். எட்டு வயது வரையாவது பொறுங்கள். நான் பிழை விட்டுப் படித்த விஷயம் இது.

என் மூத்தவள் தரம் ஒன்றுக்குப் போன புதிதில் திருகோணமலையிலேயே ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டேன். தட்டை நிப் பேனை, மைப் போத்தல், நல்ல தாள், எல்லாம் வாங்கியாயிற்று. முதல் கிழமையே நிப்பின் இரண்டு காலும் கவட்டை போல விரிந்துவிட்டன. பென்சிலை அழுத்துவது போல அழுத்தியிருக்கிறாள். தட்டை நிப்பின் முழு விளிம்பும் தாளில் பட வேண்டும், பிடித்த சாய்வு மாறக் கூடாது. அப்போதுதான் ஒரு பக்கம் இழுத்தால் தடிப்பாகவும் மறுபக்கம் இழுத்தால் மெல்லிசாகவும் கோடு வரும். ஐந்து வயதுப் பிள்ளை எழுதும்போது முழங்கையிலிருந்து கை முழுவதும் அசைகிறது. மணிக்கட்டுச் சிற்றெலும்புகள் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரியவே ஒன்பது வயதுக்கு மேலாகும்.

ஆனால் எலும்பை விடப் பெரிய சிக்கல் சுழி. அவளுக்கு அப்போது ண-வுக்கு எத்தனை சுழி, ன-வுக்கு எத்தனை சுழி என்பதே தடுமாற்றம். வாய்க்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டு எழுதுவாள். அந்த நேரத்தில் "நிப் சாய்வைப் பார்" என்றால் பிள்ளை எதைத்தான் பார்க்கும்? இரண்டு மாதத்தில் பேனையைக் கண்டாலே மேசைக்குக் கீழே போய் ஒளிந்தாள். வகுப்பை நிறுத்தினேன்.

அதனால் வயதைக் கணக்குப் பார்ப்பதை விட ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். "அண்ணன்" என்று எழுதச் சொல்லிவிட்டு, எழுதும்போதே மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கதை கொடுங்கள். கை நிற்காமல், சுழி குறையாமல் எழுதிக்கொண்டே பதில் சொன்னால் எழுத்து கையில் ஏறிவிட்டது. அப்புறம் நிப் பேனை கொடுக்கலாம். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலும் தரம் மூன்றில்தான் இது வருகிறது.

தரம் நான்கு, ஐந்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சை, ரியூசன், வினாத்தாள் கட்டு. அந்த இரண்டு வருடத்தில் புதிதாக எதையும் ஏற்றாதீர்கள். தரம் மூன்றில் தொடங்க முடியாவிட்டால் பரீட்சை முடியட்டும்.

அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது அரிசியில் விரலால் எழுதுகிறோமே, அதே வேலையைப் பெரிதாகச் செய்யுங்கள். டச்சு பே கடற்கரையில் ஈர மணலில், ஒரு தடியால், பிள்ளையின் உயரத்துக்கு ஒரு 'ழ' எழுதச் சொல்லுங்கள். ஆறேழு வயதில் இரண்டு பென்சிலைச் சேர்த்து றப்பர் பாண்ட் போட்டுக் கொடுங்கள். இரண்டு முனையும் தாளில் பட எழுதினால் கோடு இரட்டையாக ஓடும். வளைவில் இரண்டும் நெருங்கும், இறக்கத்தில் விலகும். எழுத்தின் தடிப்பும் மெலிவும் எங்கிருந்து வருகின்றன என்று மை சிந்தாமல் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இளையவனுக்கு இப்படித்தான் செய்தேன். பத்து வயதில், பரீட்சைக்குப் பிறகு, நிப் பேனை கொடுத்தேன். அவன் இடக்கைக்காரன். எழுதிய மையையே கை அழித்துக்கொண்டு போகும். கொப்பியை வலப்பக்கமாகச் சரித்து, கையை வரிக்குக் கீழே வைக்கப் பழக்கிய பிறகு சரிவந்தது.

திருகோணமலையில் கோணேஸ்வரம் கோவிலுக்குப் போகும் வழியில் கோட்டை வாசல் சுவரில், குளக்கோட்டன் என்ற பழைய மன்னனைப் பற்றிய கல்வெட்டு இருக்கிறதல்லவா? ஒருநாள் இளையவன் அதற்கு முன்னால் நின்று எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, புள்ளி எல்லாம் எங்கே?" என்று கேட்டான். பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்றேன். வீட்டுக்கு வந்ததும் தன் பெயரைப் புள்ளியில்லாமல் ஒரு தாள் நிறைய எழுதிவைத்தான். அதே வாசலால் ஐந்து வயதில் மூத்தவளையும் கூட்டிப் போனேன். அவள் கண்ணில் பட்டது கோட்டைக்குள் திரியும் மான்கள் மட்டும்தான்.