சாமர்த்தியமாகவா?

கேள்வி: என் மகளுக்குத் திருமணமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. மாப்பிள்ளை டொராண்டோவில் வேலையில் இருக்கிறார். இப்போதுதான் அவளுக்கு பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வந்திருக்கிறது. தை பிறந்ததும் தனியாகப் புறப்படுகிறாள். அங்கே விமான நிலையத்தில் அதிகாரிகள் குடைந்து குடைந்து கேட்பார்களாமே? அந்தக் கேள்விகளுக்கு அவள் எப்படிச் சாமர்த்தியமாகப் பதில் சொல்வது?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சாமர்த்தியமாகவா? ஐயா, அந்த ஒரு சொல் உங்கள் கடிதத்தில் இல்லாதிருந்தால் 'பயப்பட ஒன்றுமில்லை' என்று இரண்டே சொல்லில் முடித்திருப்பேன்.

நம் ஊரில் சாமர்த்தியம் என்றால் என்ன? அரை டிக்கெட் வயதைத் தாண்டிய பையனை 'கொஞ்சம் குனிந்து நில்லுடா' என்று ரயிலில் ஏற்றுவது. பெண் பார்க்க வந்தவர்களிடம், கடையில் வாங்கிய பஜ்ஜியைப் பெண்ணே போட்டது என்று சொல்வது. சொல்கிறவருக்கும் உண்மை தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், இரண்டு பேரும் பஜ்ஜியைத் தின்பார்கள். டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இந்த ஏற்பாடு கிடையாது. ஏன் கிடையாது என்பதைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

சிரிக்காதீர்கள். பள்ளியில் நன்னூல் படித்திருப்பீர்கள், பரீட்சை முடிந்த மறுநாள் மறந்திருப்பீர்கள். வினா ஆறு வகை. அதில் முதலாவது அறிவினா: தனக்கு விடை தெரிந்திருந்தும், எதிராளிக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகக் கேட்பது. வாத்தியார் கேட்பதெல்லாம் அந்த ரகம். கனடா அதிகாரி கேட்பதும் பெரும்பாலும் அதே ரகம்தான். நீங்கள் அவரை, விடை தெரியாமல் அறியாவினா கேட்கும் வழிப்போக்கர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அங்கேதான் கோளாறு. உங்கள் மகளுக்கு என்றைக்குக் கல்யாணம், யார் பார்த்து முடித்தது, சடங்குக்கு யார் யார் வந்தார்கள், அதற்கு முன் இருவரும் எத்தனை முறை சந்தித்தார்கள் எல்லாம் விண்ணப்பத்தோடு போயாயிற்று. தாலி கட்டும்போது பின்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த உங்கள் ஒன்றுவிட்ட சித்தப்பாகூட அந்தக் கோப்பில் புகைப்படமாக இருக்கிறார். கல்யாணம் மெய்யானதா, குடியேறுவதற்காகவே செய்துகொண்டதா என்ற பெரிய பரீட்சை அந்தக் கோப்பை வைத்து நடந்து முடிந்து, மகள் பாஸாகித்தான் பி.ஆர். வந்திருக்கிறது. விமான நிலையத்தில் நடப்பது ஹால் டிக்கெட்டில் இருக்கும் முகமும் வந்திருக்கும் முகமும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. விண்ணப்பித்த பிறகு குடும்ப நிலையில் மாற்றம் உண்டா, குற்ற வழக்கு ஏதாவது உண்டா, கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருக்கிறதா, பி.ஆர். அட்டையை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும். இவ்வளவுதான் பெரும்பாலும்.

அப்புறம் விடை. அதைப் பவணந்தியார் எட்டு வகையாகப் பிரிக்கிறார். அதிகாரி, 'பெட்டியில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறதா?' என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். 'இதோ, இந்தப் பெட்டியில்' என்றால் சுட்டு. 'இல்லை' என்றால் மறை. 'இருக்கிறது' என்றால் நேர். 'நீங்களே திறந்து பாருங்கள்' என்றால் ஏவல். 'இல்லாமல் இருக்குமா?' என்றால் வினா எதிர் வினாதல். 'ஊறுகாய் பாட்டில் வழியிலேயே உடைந்துபோச்சு' என்றால் உற்றது உரைத்தல். 'அது இல்லாவிட்டால் அவர் பட்டினி கிடப்பார்' என்றால் உறுவது கூறல். 'பட்டுப்புடவை இருக்கிறது' என்றால் இனமொழி.

முதல் மூன்றும் நேரடி விடை, மற்ற ஐந்தும் குறிப்பு விடை. தமிழ்க் குடும்பங்கள் காலை முதல் இரவு வரை அந்த ஐந்தில்தான் பேசிக்கொள்கின்றன. 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டால் 'மணி என்ன ஆச்சு பார்த்தியா?' என்று பதில் வருகிற வீடுகள் நம்முடையவை. மகளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த மேசை முன்னால் நிற்கும் பத்து நிமிடம் முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும். மீதி ஐந்தையும் மாப்பிள்ளையிடம் வைத்துக்கொள்ளலாம்.

உணவுச் சாமானை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. 'இந்தப் பெட்டியை அடுக்கியது நீங்கள்தானா?' என்று ஒரு கேள்வி உண்டு. நம் பக்கத்தில் வெளிநாடு போகிற பெண்ணின் பெட்டியை அவளைத் தவிர எல்லோரும் அடுக்குவார்கள். என் அக்கா மகள் போனபோது அவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதிகாரி திறந்தபோது உறையூர் அத்தை வைத்த சுண்டைக்காய் வற்றல் நாலு பொட்டலம், ஒவ்வொன்றும் நாலு பழைய புடவைக்குள் சுருட்டி, மேலே ரப்பர் பேண்டு. கறுப்பாக, உருண்டையாக, காய்ந்துபோய், ஒளித்துவைத்த மாதிரியே இருந்திருக்கிறது. 'இது என்ன?' என்று கேட்டார்களாம். உலகத்திலேயே அன்றைக்குத்தான் ஒருவருக்குச் சுண்டைக்காய் வற்றலைப் பற்றி அறியாவினா எழுந்திருக்கிறது. உணவு, விதை, செடி எதுவானாலும் உண்டு என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மாட்டினால் அபராதம்.

நகைக்கும் பட்டியல் வேண்டும். எத்தனை பவுன், என்ன மதிப்பு, ஒரு புகைப்படம். கல்யாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டாருக்கு எழுதிக் கொடுத்த பட்டியல் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து அதையே நகல் எடுக்காதீர்கள், உண்மையான எடையைப் போடுங்கள்.

சரி, சாமர்த்தியத்துக்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு விசா ஆலோசகர் எங்களுக்கு விளம்பரம் தர வந்தார். கேள்விகளும் மாதிரி பதில்களும் அச்சடித்த சிறு புத்தகம், மனப்பாடம் செய்தால் வெற்றி நிச்சயம் என்றார். போட முடியாது என்றேன். அன்றிலிருந்து என்னைக் கல்யாண வீட்டில் பார்த்தால் பந்தியை மாற்றிக்கொள்கிறார். அவருக்கு நான் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்: உங்கள் தொழிலுக்கு முன்னோடிகள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1910 முதல் 1940 வரை சீனாவிலிருந்து வந்தவர்களை அங்கே அடைத்துவைத்து விசாரித்தார்கள். கணவனைத் தேடி வந்த மனைவிகளும் அதில் அடக்கம். உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? தெருவில் மூன்றாவது வீட்டுக்காரர் பெயர் என்ன? இவள் சொன்னதும் அவன் சொன்னதும் ஒத்துப்போக வேண்டும். அதற்கென்றே குறிப்புப் புத்தகங்கள் இருந்தன. கப்பலில் உருப்போட்டுவிட்டுக் கரை தெரிவதற்குள் கடலில் எறிந்துவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சீனத் தொழிலாளர் வரக்கூடாது என்று 1882இலேயே சட்டம் போட்ட நாட்டுக்குள் நுழைய அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. பொய்ப் புருஷனுக்கும் பொய் மகனுக்கும் படி எண்ணிக்கை சரியாக மனப்பாடம் ஆகியிருக்கும். உண்மையாகவே அந்த வீட்டில் வாழ்ந்தவன்தான் தடுமாறுவான். உங்கள் வீட்டு மாடிக்கு எத்தனை படி? இப்போதே எழுந்து போய் எண்ணாதீர்கள்.

இதை வேடிக்கை என்று எழுதினாலும் எல்லாம் வேடிக்கை இல்லை. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் வந்து இறங்கினார், அங்கே இருந்த வருங்காலக் கணவரை மணந்துகொள்ள. மூன்று மாதத்துக்குள் திருமணம் செய்துகொள்ளப் போகிறவருக்கு முன்கூட்டிய அனுமதி தேவையில்லை, ஏற்கெனவே மனைவியாக இருப்பவருக்குத் தேவை என்பது அன்றைய விதி. அவர் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. அவர் கன்னிதானா என்று ஓர் ஆண் மருத்துவரை வைத்துச் சோதித்தார்கள். செய்தித்தாளில் வந்து நாறிய பிறகுதான் நிறுத்தினார்கள். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களில் 80 பெண்களுக்காவது இது நடந்திருக்கிறது என்பது 2011இல், அரசின் பழைய ஆவணங்களைத் தோண்டியபோது தெரிந்தது. அதே பிரிட்டனில் 1997 வரை இன்னொரு விதியும் இருந்தது: இந்தத் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் வருவது அல்ல என்று விண்ணப்பித்தவரே நிரூபிக்க வேண்டும். நம் துணைக்கண்டத்து மாப்பிள்ளைகள்தான் அதில் அதிகம் சிக்கினார்கள். கல்யாணத்துக்கு முதன்மை நோக்கம் என்ன என்று எனக்கு ஆன வயதுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை ஓர் இருபத்தைந்து வயதுப் பையன் குமாஸ்தா முன்னால் சொல்ல வேண்டுமாம்.

ஆகவே அதிகாரிகள் எல்லாம் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளிடம் மறைக்க ஒன்றுமில்லாதபோது சாமர்த்தியம் எதற்கு? அரைகுறைச் சாமர்த்தியத்துக்கு விலை பெரிது. கனடாவில் பொய்த் தகவல் என்று முடிவானால் ஐந்து ஆண்டுகள் உள்ளே வர முடியாது.

ஒரு பொய் மட்டும் அவளை அறியாமல் வாயில் வரும், அதைச் சொல்லி வையுங்கள். நாம் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'போய்ட்டு வரேன்' என்போம். புறப்படுகிறவரை 'எங்கே?' என்று கேட்கவும் மாட்டோம், 'தூரமா?' என்போம். அந்தப் பழக்கத்தில் அதிகாரி 'இங்கேயே இருக்கப் போகிறீர்களா?' என்று கேட்டதும், ஊரில் அம்மா நினைவு வந்து 'இல்லை இல்லை, சீக்கிரம் திரும்பிடுவேன்' என்று மரியாதைக்குச் சொல்லிவிடப் போகிறாள். கையில் இருப்பதோ நிரந்தரமாகத் தங்குவதற்கான காகிதம்.

பெயர் விஷயமும் இருக்கிறது. முன்னெழுத்தைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள் என்று உதவி ஆசிரியர் சொல்கிறார். ஆனாலும் எழுதுவேன். அவளுடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்தில் அநேகமாக உங்கள் பெயர் இருக்கும். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் சம்பந்தியின் பெயர். புருஷனுக்கு ஒரு குடும்பம், பெண்டாட்டிக்கு ஒரு குடும்பம் என்பது போலத் தெரியும். 'எங்களுக்கு அப்பா பெயர்தான் அந்த இடத்தில் வரும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். டொராண்டோவுக்கு அது புதிதும் அல்ல, ஈழத்திலிருந்து போன நம் ஆட்கள் அங்கே நாற்பது வருடமாக அதை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். இனி வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடப் போகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளட்டும்.

பெட்டியை அவளே அடுக்கட்டும், நீங்கள் கிட்டே போகாதீர்கள். உறையூர் அத்தை உங்களுக்கும் ஒருவர் இருப்பார், அவரையும் தள்ளி வையுங்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள். பூங்கொத்து வேண்டாம், வரும்போது ஒரு குளிர்கோட்டு எடுத்து வரச் சொல்லுங்கள். தை மாதத்து டொராண்டோவில் நீங்கள் பெரிய கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டர் வாசல் கதவு வரைக்கும்தான் தாங்கும்.