சவுண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா,

12 நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கப்போகிறேன். வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு பையன் விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பதில் படம் தொடங்குகிறது. முதல் காட்சியை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில், ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் தொடக்கம் மாதிரி எடுக்க ஆசை. கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாடகைக்கு எடுப்பதா, ட்ரோனா? எந்த லென்ஸ் சரியாக வரும்? சவுண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நண்பன் பிஜிஎம் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறான். சினிமா கற்க சென்னைக்கு வந்துதான் ஆக வேண்டுமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள தம்பி,

சென்னை விஷயத்தை விடுங்கள், அதைப் பற்றி எழுதி எழுதிச் சலித்துவிட்டது. லென்ஸ் உங்கள் கேமராமேன் பாடு. உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘சவுண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வரிதான். சமீபத்தில் இளைஞர்களின் குறும்படங்களை வரிசையாகப் பார்க்க நேர்ந்ததிலிருந்து இதுவே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாப் படத்திலும் முதல் ஷாட் அழகாக மிதக்கிறது, அதன்மேல் ஒரு பியானோ வழிகிறது, அந்தத் தெருவில் யாராவது இருமினார்களா, சைக்கிள் போனதா, ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேல் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது, ஏனென்றால் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் படமே உங்களுக்கு எதிரான சாட்சி.

முதலில், நீங்கள் பார்த்தது எந்த ‘டச் ஆஃப் ஈவில்’? 1958இல் யுனிவர்சல் ஸ்டுடியோ வெளியிட்டதில் அந்த ஷாட் முழுக்க நடிகர், கலைஞர் பெயர் எழுத்துகள் ஓடும், ஹென்றி மான்சினியின் தாள இசை ஓடும். படத்தின் இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அப்படிக் கேட்கவில்லை. படத்தை அவர் கையிலிருந்து எடுத்து ஸ்டுடியோ மாற்றிவிட்டது. அந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்று 1957 டிசம்பரில் 58 பக்கக் குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அதில் கேட்டது முழுதாக அவர் உயிரோடு இருந்தவரை நடக்கவில்லை. 1985இல் இறந்துபோனார். 1998இல்தான் படத்தொகுப்பாளரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் அந்தக் குறிப்பை வைத்துப் படத்தை மறுபடி தொகுத்தார். தொடக்கத்தில் எழுத்தை எடுத்தார், மான்சினியின் இசையை எடுத்தார், அந்தத் தெருவின் சத்தங்களைக் கொண்டுவந்தார். ரஸ்ஸல் மெட்டி ஒளிப்பதிவு செய்த அந்த 3 நிமிடம் 20 விநாடி ஷாட் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அது வேறு ஷாட் ஆகிவிடுகிறது.

எப்படி? ஒருவன் டைம்பாமைத் திருகி காரின் டிக்கியில் வைத்துவிட்டு ஓடுகிறான். கார் கிளம்புகிறது. கேமரா கிரேனில் மேலே போய், கட்டடத்தைத் தாண்டி, எல்லையோர ஊரின் தெருவில் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் காரை விட்டுவிட்டு, நடந்துபோகும் ஒரு புதுமணத் தம்பதியைப் பிடித்துக்கொள்கிறது. பழைய வடிவத்தில் அந்த இடத்தில் நமக்குக் கார் மறந்துபோகலாம். புதியதில் மறக்காது. ஒவ்வொரு மதுக்கடை வாசலிலிருந்தும் ஒரு பாட்டு வருகிறது, காரின் ரேடியோவில் தனியாக ஒரு பாட்டு. கார் பின்தங்கும்போது அது தேய்கிறது, நெருங்கும்போது ஏறுகிறது. நடுவில் ஆட்டுமந்தை குறுக்கே வந்து எல்லாம் நிற்கும்போதும் வெடிகுண்டு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது நம் காதுக்குத் தெரியும். கேமரா அந்தத் தம்பதியோடு நிம்மதியாக நடக்க முடிவதே அதனால்தான். அது கைவிட்ட காரைச் சத்தம் பிடித்துவைத்திருக்கிறது.

கடைசியில் சோதனைச் சாவடியில் காரில் இருக்கும் பெண், தன் தலைக்குள் டிக்டிக் என்று கேட்பதாகச் சொல்கிறாள். யாரும் கண்டுகொள்வதில்லை. கார் சட்டகத்தை விட்டுப் போகிறது, தம்பதி முத்தமிடப் போகிறார்கள், வெடிச் சத்தம். அதற்கப்புறம்தான் வெட்டு! அத்தனை பேர் புகழும் அந்த ஒற்றை ஷாட்டை முடித்துவைப்பதே ஒரு சத்தம்தான் தம்பி, இதை நீங்கள் எப்படிக் கேட்காமல் விட்டீர்கள்? வெல்ஸ் வானொலியில் வளர்ந்த ஆள். 1938இல் செவ்வாய்க்கிரகத்துக்காரர்கள் வந்திறங்கியதாக நாடகம் போட்டு, கேட்டவர்களில் சிலரை நிஜமாகவே பயப்பட வைத்தவர். படம் இல்லாமலே ஓர் இடத்தை எழுப்பத் தெரிந்தவர்.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பதற்கு எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸும் காரணம். வீடு இரண்டு தெரு தள்ளி. இரண்டாவது ஆட்டத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போக மாட்டார்கள், மொட்டைமாடியில் பாயில் படுத்துக்கொண்டு கேட்பேன். காற்று திரும்பினால் வசனம் போய்விடும், கதவு கிறீச்சிடுவதும் செருப்புச் சத்தமும் மட்டும் எப்படியோ வந்து சேரும். பிறகு ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் அதே படத்தைப் பார்க்கும்போது, நாயகன் முகத்தையே திரை காட்டிக்கொண்டிருக்கும், அவனுக்குப் பின்னால் யாரோ உள்ளே வந்துவிட்டது எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் சொல்லிக் குட்டு வாங்கியிருக்கிறேன். சட்டகத்துக்கு வெளியே எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று அப்போது பதிந்ததுதான், இன்றுவரை போகவில்லை.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். விடியற்காலை பஸ் ஸ்டாண்ட் என்றால் எவ்வளவு கையில் கிடைக்கிறது என்று பாருங்கள்: ஊர்ப்பெயரைக் கூவும் கண்டக்டர், விசில், டீக்கடை ரேடியோ, ஷட்டர் தூக்கும் சத்தம். இவற்றுக்கு நடுவில் அவன் என்ன சத்தத்தோடு வருகிறான்? ஸ்கூல் பையில் காலி டிபன் பாக்ஸ், உள்ளே ஒரு ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்தால் கிலுங்கும். அப்புறம் கேமரா தைரியமாக அவனை விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகலாம், அவனைத் தேடும் அப்பா முகத்துக்குக்கூடப் போகலாம். ஸ்பூன் சத்தம் நின்றது என்றால் பார்ப்பவனுக்கு வயிற்றைப் பிசையும். பிஜிஎம் போட்டால் முதலில் சாவது அந்த ஸ்பூன்தான்.

ட்ரோன் வேண்டவே வேண்டாம், அதன் இரைச்சலில் இதில் ஒன்றும் ஒழுங்காகப் பதிவாகாது. கிம்பலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஷூட்டிங் வைக்கப்போகும் அதே நேரத்தில், கேமரா இல்லாமல் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு ரெகார்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன் போதும். பதிவு செய்ததை வெட்டாமல் எனக்கு அனுப்புங்கள், முழுக்கக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.