இரட்டைக் கதவு அலமாரிக்கு எந்தத் தாழ்ப்பாள் ஏற்றது?

நடுச்சட்டம் இல்லாத ஏழடி உயரச் சுவர் அலமாரிக்கு இரண்டு மரக்கதவுகள் போட்டிருப்பதாகவும், அவை தாமாகவே திறந்துகொள்வதால் எந்தத் தாழ்ப்பாள் வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைக்குப் போகும் முன், அந்தத் தாழ்ப்பாள் எதைப் பற்றிக்கொள்ளப் போகிறது என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கதவுக்கு நிலை இருக்கிறது. நடுச்சட்டம் இல்லாத இரட்டைக் கதவில் ஒன்று மற்றொன்றைத்தான் பற்றியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் இதை யோசிக்காமல் நடுவில் ஒரு பூட்டை மட்டும் பொருத்தினோம். பூட்டிய பிறகும் இரு கதவுகளையும் சேர்த்து இழுத்தால் அப்படியே திறந்துகொண்டன. பிறகு வந்த ஆசாரி, இடக்கதவின் உட்புறத்தில் மேலும் கீழும் டவர் போல்ட் (கம்பியைத் தள்ளித் துளையில் செருகும் தாழ்ப்பாள்) பொருத்தி, அந்தக் கதவின் விளிம்பில் வலக்கதவுக்குப் பின்னால் அரை அங்குலம் நீளும்படி ஒரு மரப்பட்டியை அடித்த பிறகுதான் அலமாரி உறுதியாக நின்றது. இடைவெளி வழியே தூசியும் கரப்பானும் நுழைவதும் குறைந்தது. மேல் போல்ட்டை 12 அங்குல நீளத்தில் வாங்கினால், வீட்டில் உயரம் குறைந்தவர்களுக்கும் கை எட்டும். கீழ் போல்ட்டின் துளையில் தூசி அடைந்துகொள்வதால், அதை மட்டும் நம்பி மேல் போல்ட்டை விட்டுவிடக் கூடாது.

அன்றாடம் திறக்கும் வலக்கதவுக்கு, பந்துக் கொண்டியை விட மேக்னெட் கேட்சரையே நான் பரிந்துரைப்பேன். வில்லும் பந்தும் கொண்ட அந்தக் கொண்டிக்குக் கதவின் மேல் இடைவெளி மாறாமல் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் மரம் ஊறி உப்பினால் அது இறுகிக்கொள்ளும். காந்தத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உயரமான கதவு நாளடைவில் வளையக்கூடும் என்பதால், மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வையுங்கள். கேட்சரில் உள்ள நீள்துளைகளில் முதலில் திருகைத் தளர்வாக முடுக்கி, கதவை மூடிப் பார்த்து முன்பின் நகர்த்திய பின்பே இறுக்குங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் காந்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளிருந்து தள்ளினால் கதவு திறந்துவிடும். குளிர்பதனப் பெட்டிகளுக்குள் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால்தான், அவற்றின் கதவு உள்ளிருந்தே திறக்கும்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956-இல் சட்டம் இயற்றியது. வெளியே மட்டும் மாட்டும் கொண்டியைப் பெரிய அலமாரிக்கு வைக்கவே வேண்டாம்.

உங்கள் கீல்கள் வில்லுடன் தாமாக மூடும் வகையாக இருந்தால் வலக்கதவுக்குக் காந்தம்கூடத் தேவைப்படாது. கதவு சற்றே திறந்து நின்றால் முதலில் கீலின் திருகைச் சரிசெய்து பாருங்கள். அழுத்தினால் திறக்கும் புஷ் கேட்சரை அத்தகைய கீலோடு சேர்த்து வாங்காதீர்கள், ஒன்று தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். கடலோர ஊராக இருந்தால் திருகுகளைத் துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ கேட்டு வாங்குங்கள்.