நல்ல நாளில் நடக்கிறேனே, அக்கா

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தரம். எனக்கு 39 வயது, ஹரோவில் இருக்கிறோம். சில வருடங்களுக்கு முதல் எனக்கு லூபஸ் என்று கண்டுபிடித்தார்கள். மூட்டு நோ, அசதி, வெயில் பட்டால் தோல் எரிவு. சில நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே கூட்டிக்கொண்டு போவேன். சில நாள் படி இறங்கவே ஏலாது. கிளினிக்கில் நேர்ஸ்தான் புளூ பாட்ஜுக்கு, நடக்கச் சிரமப்படுகிறவர்கள் காரைக் கிட்ட நிற்பாட்டத் தரும் அந்த அட்டைக்கு, விண்ணப்பிக்கச் சொன்னார். படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தபடியே இருக்கிறேன். எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று மீற்றரில் கேட்கிறார்கள். நல்ல நாளை எழுதுவதா, கெட்ட நாளை எழுதுவதா? கெட்ட நாளை எழுதினால் கள்ளம் செய்கிற மாதிரி இருக்கிறது. கணவர், "உம்மைப் பார்த்தா வருத்தக்காரி எண்டு ஆர் சொல்லுவினம்?" என்கிறார். மாமிக்கு, கோவிலில் சனம் கண்டால் என்ன நினைக்கும் என்ற கவலை. சக்கர நாற்காலியில் வரும் ஒருவருக்குக் கிடைக்கவேண்டிய இடத்தை நான் பிடித்துவிடுவேனோ என்பது என் கவலை. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

பெயர் போடவேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த நேரம் பெரியக்காவின் கடதாசிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். போன வருடம் அவர் காலமான பிறகு அந்த அலுமாரியைத் திறக்க மனம் வரவில்லை. மருந்துத் துண்டுகள், எக்ஸ்ரே கடிதங்கள், அவற்றுக்கு நடுவில் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, அனுப்பிய இரண்டு கடிதங்கள். ஒன்று புளூ பாட்ஜ் தரமுடியாது என்றது. மற்றது தந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அக்காவின் மூட்டுகள் பெரிதாக மாறிவிடவில்லை. சொன்ன விதம் மாறியது, அவ்வளவுதான். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை வாசித்தேன்.

சின்ன விசயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கார் ஓட்டத் தெரியாதது ஒரு தடையே இல்லை. பாட்ஜ் ஆளுடைய பெயரில் இருப்பது. கணவர் ஓட்டினாலும் மச்சாள் ஓட்டினாலும் நீங்கள் அந்தக் காரில் போகும்போது அது செல்லும். இங்கிலாந்தில் கட்டணம் 10 பவுணுக்கு மேல் இல்லை. இணையத்தில் அதைவிடக் கூடக் கேட்கிறவன் இடைத்தரகன், அவனை விட்டுவிட்டு அரசாங்கத் தளத்திலேயே போடுங்கள். கோவில் சனத்துக்கு நான் ஒரு வரியும் செலவழிக்கப் போவதில்லை.

நல்ல நாளா, கெட்ட நாளா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் எழுதவேண்டும். மாதத்தில் எத்தனை நாள் அப்படி, எத்தனை நாள் இப்படி என்றும் எழுதவேண்டும். இதில் கள்ளம் எங்கே வருகிறது? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதி, வந்த பிறகு மத்தியானம் வரைக்கும் சோபாவை விட்டு எழும்பவில்லை என்பதை எழுதாமல் விட்டால் அதுதான் பொய். உங்கள் கடிதத்தில் அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். லூபஸ்காரிக்கு இல்லாமல் இருக்காது.

இந்த நாட்டுச் சட்டம் உங்களைவிட உங்கள் மேல் இரக்கமாக இருக்கிறது, தங்கச்சி. இயலாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பிப் என்ற உதவித்தொகைக்கான விதிகளை எடுத்துப் பாருங்கள். ஒரு காரியத்தைச் செய்யமுடியும் என்று சொல்லவேண்டுமானால் அதை ஆபத்தில்லாமல், ஒழுங்கான விதத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ஒருக்கா நடந்துவிட்டு அன்று முழுக்கத் திரும்ப நடக்க ஏலாது என்றால் அது நடப்பதாகக் கணக்கில் வராது. நாளுக்கு நாள் மாறும் வருத்தத்துக்கும் அங்கே விதி இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலைமை எப்படி என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்த முறையில் 50 மீற்றருக்கு மேல் நடக்க ஏலாது என்று ஏற்றுக்கொண்டால் 8 புள்ளி, 8 புள்ளி கிடைத்தால் இங்கிலாந்தில் பாட்ஜ் தானாகவே உரித்தாகும். பிப் இல்லாவிட்டால் கவுன்சில் தானே பார்த்து முடிவு செய்யும். அவர்கள் தேடுவது நீடித்த, கணிசமான இயலாமை, அதனால் நடப்பதில் மிகக் கடுமையான சிரமம். நோ, மூச்சிரைப்பு, நடக்கும் வேகம், எத்தனை தரம் நிற்கவேண்டி வருகிறது, எல்லாம் அதற்குள் அடங்கும். 2019 ஓகஸ்ட் 30 முதல் நடக்கும்போது உண்டாகும் கடும் மனவேதனையையும் ஆபத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஓட்டிசம், டிமென்ஷியா உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் மூட்டு நோ அதற்கு முதலே விதிக்குள் இருந்தது.

பெரியக்காவுக்கு முடக்குவாதம். விடிய எழும்பினால் மூட்டு இளகவே இரண்டு மணித்தியாலம் வேண்டும். முதல் விண்ணப்பத்துக்குக் கவுன்சில் நேரில் வரச் சொன்னது, நடையைப் பார்க்க. அன்று அக்கா விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி வெந்நீரில் கையையும் காலையும் ஊறவைத்தார். நோக்குளிசையைத் தேத்தண்ணியோடு போட்டார். இரவு பூசிய சித்தாலேப மணக்குமே என்று முழங்காலைச் சவுக்காரம் போட்டுக் கழுவினார். சேலை உடுத்தினார். விரல் வீங்கியிருந்ததால் சேலைக்கு ஊசி குத்த முடியவில்லை, நான்தான் குத்திவிட்டேன். காதுக்குத் தோடு மாற்றினார். எனக்கு ஒரு கல்யாண வீட்டுக்கு வெளிக்கிடுகிற மாதிரி இருந்தது.

பரிசோதித்த பெண் நல்ல பிள்ளை, முப்பது வயது இருக்கும். ஒரு நீளமான நடைபாதையில் அக்காவோடு கூடவே நடந்தாள். கையில் நேரம் பார்க்கும் கடிகாரம். அக்கா கைபிடியைத் தொடவில்லை. தலை நிமிர்ந்து நடந்தார். நடந்துகொண்டே அந்தப் பெண்ணிடம் எந்த ஊர், பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்தார். நோ எப்படி என்று அவள் கேட்டதற்கு, "இருக்குத்தான், சமாளிக்கிறன்" என்று சிரித்தார். கடைசிவரை போய்த் திரும்பினார்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்தேன். அக்காவால் காலைத் தூக்கி உள்ளே வைக்க முடியவில்லை. இருக்கையில் பக்கவாட்டாக இருந்துகொண்டு பல்லைக் கடித்தார். நான் குனிந்து ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்தேன். செருப்பு வார் பதிந்த இடம் சிவந்து பொங்கியிருந்தது. ஏனக்கா அப்படி நடந்தனீங்கள் என்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு முன்னால நொண்டிக்கொண்டு போகச் சொல்றியோ?"

அந்தப் பிள்ளை கண்டதைத்தான் எழுதினாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. கவுன்சில் மறுத்தது.

எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அக்காவின் மேல் இல்லை. அக்காவை அப்படி நடக்கப் பழக்கிய வளர்ப்பின் மேல். உங்களையும் அதே வளர்ப்புத்தான் வளர்த்திருக்கிறது. ஊரில் ஒரு பொம்பிளைப் பிள்ளைக்கு மூச்சிழுப்பு என்றால் பக்கத்து டொக்டரிடம் காட்டமாட்டார்கள். ஆரும் கண்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று இரண்டு பஸ் மாறி வேறு ஊருக்குக் கொண்டுபோவார்கள். வலிப்பு வந்த பிள்ளையைக் கலியாண நாள் வரைக்கும் மறைத்து, பிறகு மாப்பிள்ளை வீட்டில் அவளே மறைக்கவேண்டும். மாதவிலக்கு நோவில் சுருண்டு கிடந்தாலும் விருந்தாள் வந்தால் எழும்பித் தேத்தண்ணி ஊத்தவேண்டும். முகம் சுளிக்காத பிள்ளை என்று பேர் எடுக்கவேண்டும். இப்படி இருபது வருடம் பழக்கிவிட்டு, நாற்பது வயதில் ஒரு வெள்ளைக்கார டொக்டருக்கு முன்னால் இருத்தி, உனக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் எங்கட பெண்டுகள் என்ன சொல்லுவார்கள்? பெரிசா ஒண்டுமில்லை டொக்டர்.

டொக்டர் அதை அப்படியே எழுதுகிறார். நோயாளி நன்றாகச் சமாளிக்கிறார் என்று கோப்பில் ஏறுகிறது. அடுத்த வருடம் பாட்ஜுக்கோ பிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த வசனம்தான் சாட்சியாக வந்து நிற்கிறது. உங்கள் வாயால் சொன்னதை நீங்களே மறுக்கவேண்டி வருகிறது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பூசிய தைலத்தோடே போங்கள். தலை இழுக்கக் கை எழும்பவில்லை என்றால் இழுக்காத தலையோடு போங்கள். நோக்குளிசையை அன்றைக்கு மட்டும் கூடப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஆர் தலை இழுத்துவிடுகிறார்கள், ஆர் சட்டை ஊக்குப் போட்டுவிடுகிறார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் சொல்லுங்கள். அவர் உங்களைப் பார்த்தால் வருத்தக்காரி மாதிரி இல்லை என்கிறாரே, அவருக்கும் நீங்கள் மறைத்துத்தான் வைத்திருக்கிறீர்கள். அதற்காக அவர் சொன்னது சரியாகிவிடாது. ஆறு மாதம் கூட இருந்து பார்த்தால் தெரியாத வருத்தமா அது?

சக்கர நாற்காலிக்காரரின் இடத்தைப் பிடிக்கிறேன் என்று நினைக்கிறீர்களே, அது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்த இடம் உங்களுக்கும் என்றே உண்டானது. மான்செஸ்டரில் விதன்ஷோ தொகுதிக்கு அல்ஃப் மொரிஸ் என்று ஒரு எம்.பி. இருந்தார். அவருடைய தகப்பன் முதலாம் உலகப் போரில் நச்சுவாயு பட்டு, காயப்பட்டு வந்து, வருத்தத்தோடே காலம் கழித்து, மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துபோனவர். அமைச்சர் அல்லாத எம்.பி.யும் தன் பெயரில் ஒரு மசோதா கொண்டுவரலாம், ஆருக்கு வாய்ப்பு என்பதைக் குலுக்கிப் பார்ப்பார்கள். 1969இல் அந்தக் குலுக்கலில் மொரிஸுக்கு வாய்ப்பு விழுந்தது. தேர்தலுக்காகப் பார்லிமென்ட் கலையும் தறுவாயில், 1970 மே கடைசியில், அவருடைய மசோதா சட்டமானது. நாட்பட்ட நோயாளரும் உடல் இயலாதவரும் சேர்ந்தே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறார்கள். அதன் 21ஆம் பிரிவில் பிறந்ததுதான் இந்த அட்டை. 1971இல் ஆரஞ்சு நிறத்தில் வந்தது, 2000இல் நீலமாக மாறியது. 1974இல் மொரிஸ் இயலாதவர்களுக்கென்றே அமைச்சரானார். உலகத்திலேயே அப்படி ஒரு அமைச்சர் அதுதான் முதல் தரம். நோயோடு இழுபட்டுச் செத்த ஒரு மனிதனின் பிள்ளை, நாட்பட்ட நோயாளரையும் மனதில் வைத்து எழுதிய சட்டத்தை நீங்கள் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

இடத்தைப் பிடிக்கிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களை எங்கட சனத்துக்குள்ளேயே எனக்குத் தெரியும். அம்மம்மாவை வீட்டில் படுக்கவிட்டு அவவின் பாட்ஜோடு சாமான் வாங்கப் போகிறவர்கள். செத்துப்போன மாமாவின் பாட்ஜைத் திருப்பிக் கொடுக்காமல் காலாவதியாகும் வரைக்கும் வைத்து ஓட்டுகிறவர்கள். பிடிபட்டால் 1000 பவுண் வரைக்கும் தண்டம், அது போதாது என்பது என் எண்ணம். அவர்களுக்கு உறுத்தாத மனச்சாட்சி உங்களுக்கு ஏன் உறுத்தவேண்டும்?

அக்காவின் இரண்டாவது விண்ணப்பத்தை நாங்கள் குசினி மேசையில் இருந்து எழுதினோம். வாசலிலிருந்து பஸ் தரிப்பு வரைக்கும் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு அடியாகக் கேட்டேன். முதலாவது விளக்குக் கம்பத்தில் நிற்பார். அடுத்த வீட்டு மதிலில் சாய்வார். திரும்பி வந்தால் சப்பாத்தோடே படுத்துவிடுவார், குனிந்து கழற்ற ஏலாது. கார்க் கதவில் நான் கண்டதையும் எழுதினேன். மருந்துகளின் பெயர், அளவு, எந்தக் கிளினிக், எல்லாம் போட்டோம். அக்கா இடையிடையே, இதெல்லாம் எழுதவேணுமோ என்று வெட்கப்பட்டார். எழுதினோம். பாட்ஜ் வந்த பிறகு ஈஸ்ற் ஹாமில் கடை வாசலிலேயே இறங்கி, தானே முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து எடுத்தார். அதுவரைக்கும் நான் வாங்கிக் கொடுத்த முருங்கைக்காய் எல்லாம் முற்றல் என்று சொல்லிச் சொல்லியே சமைத்தவர்.

மீற்றர் கேட்டிருந்தீர்கள். வீட்டு வாசலிலிருந்து நீங்கள் முதலாவதாக நிற்கும் இடம் வரைக்கும் கணவரைத் தொலைபேசி வரைபடத்தில் அளக்கச் சொல்லுங்கள். நிற்பதற்கு முன் எவ்வளவு, நின்ற பிறகு எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். கிளினிக் நேர்ஸிடம் ஒரு கடிதம் கேளுங்கள், அவர்தானே போடச் சொன்னவர். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டியது கவுன்சிலின் கடமை. அந்தக் காரணத்துக்கு நேரே பதில் எழுதி மறுபரிசீலனை கேளுங்கள். கிடைத்த பிறகு இங்கிலாந்தில் மற்றவர்கள் நிற்பாட்டக்கூடாத மஞ்சள் கோட்டில் 3 மணித்தியாலம் வரைக்கும் நிற்பாட்டலாம், பாட்ஜோடு வரும் கடிகாரத்தில் வந்த நேரத்தைத் திருப்பி வைக்க மறக்கவேண்டாம். ஏற்றி இறக்கத் தடை உள்ள இடத்தில் அது செல்லாது. வெஸ்ட்மினிஸ்டர், கென்சிங்டன் பக்கம் விதி வேறு, போக முதல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்ப முதல் படிவத்தை எனக்கு அனுப்பினால் வாசித்துப் பார்க்கிறேன். அதில் எங்கேயாவது "சமாளிக்கிறேன்" என்று இருந்தால் அடித்துவிட்டுத்தான் திருப்பி அனுப்புவேன்.

அன்புடன்,
அக்கா