வார்டில் இன்சுலின்: கேள்விகளுக்கு ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ் பதில்

சிவப்பு மூடி சிரிஞ்சு தீர்ந்துவிட்டால் ஆரஞ்சு மூடியில் போடலாமா சிஸ்டர்?

கூடாது. நம் ஊர் இன்சுலின் பாட்டிலில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் பாட்டிலும் வருகிறது, அதற்கு ஆரஞ்சு. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். நோயாளி சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் கிடப்பார். நீங்கள் கேட்டது போல 40 மருந்தை ஆரஞ்சில் இழுத்தால் 20க்கு 8தான் போகும். சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றுவார். அடுத்த நாள் சரியான சிரிஞ்சு வந்ததும் ஆள் சரிந்துவிடுவார். லேபிளில் எண்ணைப் படித்துவிட்டு, அப்புறம் மூடியை எடுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை 310. எத்தனை யூனிட்?

இங்கே சொல்ல முடியாது. டியூட்டி டாக்டரைக் கேளுங்கள்.

இன்சுலின் பேனாவுக்குள் இருக்கும் மருந்துக் குழாயிலிருந்து (கார்ட்ரிட்ஜ்) சிரிஞ்சில் இழுக்கலாமா?

வேண்டாம். அதிலும் 100தான் சாதாரணம், மறுபடி அதே ஆபத்து. ஊசியை மட்டும் மாற்றி ஒரே பேனாவை இரண்டு பேருக்குப் போடுவதும் கூடாது, ரத்தம் உள்ளே ஏறும்.

280 இருக்கிறது, எவ்வளவு போடலாம்?

மேலே சொல்லிவிட்டேன். எண்ணை மட்டும் வைத்து டோஸ் கேட்காதீர்கள்.

டிபன் எட்டரைக்குத்தான் வருகிறது. ஏழு மணிக்கே எல்லோருக்கும் போட்டால்தான் டியூட்டி ஒப்படைக்க முடியும்.

தட்டு எப்போது வரும் என்று தெரியாமல் போடாதீர்கள். ரெகுலர் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. வேகமாக வேலை செய்யும் வகை என்றால் தட்டு கண்ணில் பட்ட பிறகு.

சொல்வது சுலபம். வார்டில் இரண்டே பேர்.

ஆள் குறைவு உண்மைதான். ஆனால் சர்க்கரை இறங்கினால் அந்த இரண்டு பேரும் ஒரே கட்டிலில் நிற்க வேண்டி வரும். இன்சுலினை அடுத்த ஷிஃப்டுக்கு விடுங்கள், கேஸ் ஷீட்டில் 'போடவில்லை' என்று எழுதி, வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கள் வார்டில் போட்ட பிறகு வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்குக் கூட்டிப் போனார்கள்!

அதற்குத்தான் இவ்வளவு வாதாடுகிறேன். சர்க்கரை 70க்குக் கீழே போனால், விழுங்க முடிந்தவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுபடி சோதனை. மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள்; நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ், உடனே டாக்டர். அதற்காக டைப் 1 நோயாளிக்கு (உடலில் இன்சுலின் சுரக்காதவருக்கு), வெறும் வயிறு என்று சொல்லி நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும்.

டாக்டர் எழுதியது 4ஆ 40ஆ என்று புரியவில்லை.

யூனிட்டுக்கு 'U' என்று ஒற்றை எழுத்து போட்டால் பூஜ்யம் போலத்தான் தெரியும். ஊகிக்காதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, போன் போட்டுக் கேளுங்கள், 'யூனிட்' என்று முழுதாக எழுதி வாங்குங்கள்.