'லேர்னெட்' என்றால் என்ன, எப்போது சொல்வது?

வக்கீல்கள் எதிர்த்தரப்பு வக்கீலை 'மை லேர்னெட் ஃபிரெண்ட்' என்கிறார்களே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 'கற்றறிந்த நண்பர்' என்று பொருள். பிரிட்டிஷ் நீதிமன்ற மரியாதை. நம் உயர் நீதிமன்றங்களிலும் நிலைத்துவிட்டது. (அப்படி அழைத்துவிட்டுத்தான் அவர் வாதத்தைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள்!)

சிக்கல் உச்சரிப்பில்தான். ஆங்கிலத்தில் எழுத்து (learned) மாறாது. 'கற்றுக்கொண்டான்' என்னும் வினையானால் ஒரே அசையில் 'லேர்ன்ட்'. புலமையைச் சொல்லும் பெயரடையானால் இரண்டாகப் பிரித்து 'லேர்-னெட்'. ஆனால் பழகி வந்த நடத்தையைக் குறிக்கும் 'லேர்ன்ட் பிஹேவியர்' பெயரடையாக இருந்தும் ஒரே அசைதான்.

'லேர்னெட் ஸ்காலர்' என்றால் நூல்களில் ஆழ்ந்து ஊறியவர். கார் ரிப்பேரில் கெட்டிக்காரரை அப்படிச் சொன்னால் கிண்டல் மாதிரி இருக்கும்; அவருக்கு 'நாலெட்ஜபிள்' (விஷயம் தெரிந்தவர்) பொருந்தும்.